பாய்லர் அடிக்கிறவன்!



ஒரு சின்னக் கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். நம்ம காலேஜ் டீமுக்கு என்ன கலர்?

யோசிக்கிறீங்க இல்ல? யோசிக்க வேண்டாம். போட்டிக்கு முந்தின நாள் கடையில் எந்த டி-ஷர்ட் ஒரே நிறத்தில் பதினஞ்சு கிடைக்கிறதோ அதுதான் அந்த வருஷத்துக் கலர். அடுத்த வருஷம் வேற. சரி, பேர்? சிவில் பசங்க 'டைகர்ஸ்', மெக்கானிக்கல் 'லயன்ஸ்', எலெக்ட்ரிக்கல் 'ஈகிள்ஸ்'. பக்கத்து ஊர் பாலிடெக்னிக்கிலும் இதே புலி, இதே சிங்கம், இதே கழுகு. ஸோன் மேட்ச் நடக்கும்போது மைதானத்தைப் பார்த்தால் மிருகக்காட்சி சாலைக்கு லீவு விட்ட மாதிரி இருக்கும்!

"பேர்ல என்னப்பா இருக்கு? ஜெயிச்சா போதும்" என்று சொல்பவர்கள் உண்டு. என் கட்சி வேற. பேரில் நிறைய இருக்கிறது. நாம யார், எங்கிருந்து வந்தோம், எதற்குப் பெருமைப்படுகிறோம், எதற்கு வெட்கப்படுகிறோம் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. இதைச் சொல்ல உங்களை அமெரிக்கா வரை கூட்டிப் போகிறேன். பாஸ்போர்ட் வேண்டாம், பக்கத்தைப் புரட்டினால் போதும்.

முதலில் ஒரு விளக்கம். அங்கே 'ஃபுட்பால்' என்றால் நம்ம கால்பந்து இல்லை. முட்டை மாதிரி நீளமான பந்து. அதைப் பெரும்பாலும் கையில்தான் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஒரு பக்கம் 11 பேர். எதிரி மேலே விழுந்து அமுக்குவான். காலேஜ்களுக்கு இடையே நடக்கும் இந்த ஆட்டத்துக்கு அங்கே கூடும் கூட்டத்தைச் சொன்னால் நம்ப மாட்டீங்க. லட்சம் பேர் உட்காரும் ஸ்டேடியங்கள் காலேஜ்களுக்குச் சொந்தமாகவே இருக்கின்றன. அந்த டீம்களின் கலரும் பட்டப்பெயரும் வந்த கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

ரிப்பன் கடையில் பிறந்த கலர்

பெரிய பெரிய காலேஜ் கலருக்கெல்லாம் பின்னால் ஏதோ தத்துவம் இருக்கும் என்று நினைப்போம். சிவப்பு என்றால் வீரம், நீலம் என்றால் அமைதி என்று ஆண்டு விழாவில் யாராவது விளக்கவும் செய்வார்கள். உண்மைக் கதை ரொம்ப சிம்பிள்.

1858-ல் பாஸ்டனில் ஒரு படகுப் போட்டி. கூட்டத்துக்கு எந்தப் படகு ஹார்வர்டு படகு என்று தெரிய வேண்டாமா? துடுப்புப் போடுகிற இரண்டு பேர், சார்லஸ் எலியட், பெஞ்சமின் கிரௌனின்ஷீல்டு, தங்கள் படகில் இருந்தவர்களுக்குச் சிவப்புக் கைக்குட்டைகள் வாங்கிக் கொடுத்தார்கள். அவ்வளவுதான். அந்த எலியட் பின்னாளில் நாற்பது வருஷம் ஹார்வர்டின் தலைவராகவே இருந்தார். 1875-ல் மாணவர்கள் ஓட்டுப் போட்டு 'கிரிம்சன்' என்ற அடர் சிவப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். 1910-ல்தான் நிர்வாகம் அதை முறையாக ஏற்றது. பாருங்க, மாணவன் கட்டிய கைக்குட்டைக்கு நிர்வாகம் கையெழுத்துப் போட 52 வருஷம் ஆச்சு!

அமெரிக்காவின் முதல் காலேஜ் ஃபுட்பால் ஆட்டம் என்று சொல்லப்படுவது 1869 நவம்பர் 6-ல், ரட்கர்ஸுக்கும் பிரின்ஸ்டனுக்கும் நடந்தது. அப்போது ஒரு பக்கத்துக்கு 25 பேர். யூனிஃபார்ம் கிடையாது. ஐம்பது பேர் ஓடுகிற இடத்தில் நம்ம ஆள் யார், எதிரி யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ரட்கர்ஸ் பையன்கள் தலையில் சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டார்கள். 6-4 என்று ஜெயித்தும் விட்டார்கள். அந்தக் காலேஜின் டச்சு வேரை நினைத்து ஆரஞ்சு நிறம் வைக்கலாம் என்ற பேச்சு முதலில் இருந்தது. ஆனால் அதே 1869 மே மாதம் மாணவர் பத்திரிகை சிவப்பை முன்மொழிந்தபோது சொன்ன ஒரு காரணம் என்ன தெரியுமா? நல்ல சிவப்பு ரிப்பன் சுலபமாகக் கிடைக்கும்!

பென்சில்வேனியா ஸ்டேட் காலேஜ் கதை டெக்ஸ்டைல் பிரிவு நண்பர்களுக்குப் பிடிக்கும். 1887-ல் அவர்கள் தேர்ந்தெடுத்தது அடர் ரோஸும் கறுப்பும். சட்டை தைத்துப் போட்டு விளையாடினார்கள். வெயிலும் சோப்பும் பட்டு ரோஸ் வெளுத்து வெள்ளையாகி விட்டது. சாயம் நிற்கலை! கடைசியில் 1890-ல் நீலமும் வெள்ளையும் என்று முடிவு கட்டினார்கள். இன்றைக்கும் அதுதான் அவர்கள் கலர். சிரக்யூஸ் பல்கலைக்கழகமோ ரோஸும் பட்டாணிப் பச்சையுமாக 1872-ல் ஆரம்பித்து, அடுத்த வருஷமே ரோஸும் வெளிர் நீலமும் என்று மாற்றி, 1890-ல்தான் ஆரஞ்சில் வந்து நின்றது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது வர்ஜீனியாவின் தொழிற்கல்லூரி ஒன்றின் கதை. இன்றைக்கு 'வர்ஜீனியா டெக்' என்கிறார்கள். 1896-ல் அதன் பெயரோடு 'பாலிடெக்னிக் இன்ஸ்டிடியூட்' என்று சேர்ந்தது. அதாவது நம்ம சொந்தக்காரன்! அவர்கள் முதலில் வைத்திருந்த கலர் கறுப்பும் சாம்பலும். பட்டை பட்டையாகச் சட்டை தைத்துப் போட்டதும் பார்ப்பதற்கு ஜெயில் கைதி உடுப்பு மாதிரி இருந்தது. எவன் போடுவான்? ஒரு கமிட்டி போட்டார்கள். மற்ற காலேஜ்கள் என்னென்ன கலர் வைத்திருக்கின்றன என்று விசாரித்து, யாரும் வைத்திராத ஜோடியாகப் பார்த்து அரக்குச் சிவப்பும் சுட்ட ஆரஞ்சும் எடுத்தார்கள். அதே வருஷம் புதுக் கோஷம் எழுத ஒரு போட்டி. ஸ்டல் என்ற மாணவர் 5 டாலர் பரிசு வாங்கினார். அவர் கோஷத்தில் 'ஹோக்கி' என்று ஒரு சொல் வரும். அர்த்தம்? ஒன்றும் கிடையாது! கவனத்தை இழுக்க அவரே உண்டாக்கிய சத்தம். இன்றைக்கு அந்தக் காலேஜில் படித்தவர்கள் அத்தனை பேரும் தங்களை 'ஹோக்கீஸ்' என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான். கலர் எங்கிருந்து வந்தது என்பது பெரிய விஷயமே இல்லை. ரிப்பன் கடையிலிருந்து வரலாம், வெளுத்துப் போன சட்டையிலிருந்தும் வரலாம். சரியான கலர் அமைந்த பிறகு அதை மாற்றாமல் காப்பாற்றினார்கள் பாருங்க, அதில்தான் மரியாதை பிறந்தது. வருஷா வருஷம் மாறுவதற்குப் பேர் கலர் இல்லை, துணி!

சேறும் செய்தித்தாளும் வைத்த பேர்

பட்டப்பெயர் கதை இன்னும் சுவாரஸ்யம். பெரும்பாலான பேர்களை டீம்காரர்கள் உட்கார்ந்து யோசித்து வைக்கவே இல்லை. ஊர் வைத்தது, பத்திரிகை நிருபர் வைத்தார், சில சமயம் எதிரியே வைத்தான்.

1907-ல் அலபாமாவும் ஆபர்னும் பர்மிங்ஹாம் நகரில் மோதின. ஆபர்ன் சுலபமாக ஜெயிக்கும் என்று எல்லாரும் நினைத்தார்கள். மைதானம் முழுக்கச் செம்மண் சேறு. அந்தச் சேற்றில் அலபாமா விடாமல் நின்று 6-6 என்று சமன் செய்தது. ஹியூ ராபர்ட்ஸ் என்ற விளையாட்டுப் பத்திரிகையாளர் அந்த ஆட்டத்தை எழுதும்போது 'கிரிம்சன் டைடு', அதாவது சிவப்பு அலை என்று வர்ணித்தார் என்பார்கள். பேர் ஒட்டிக்கொண்டது. கவனியுங்க, ஜெயித்ததற்கு வந்த பேர் இல்லை அது. தோற்காமல் நின்றதற்கு வந்த பேர்!

நெப்ராஸ்கா டீமுக்கு ஒரு காலத்தில் 'பூச்சி தின்னிகள்' என்று பேர் இருந்தது. கேட்கவே ஒரு மாதிரி இருக்கில்ல? சை ஷெர்மன் என்ற விளையாட்டுப் பத்திரிகையாளருக்கும் அப்படித்தான் இருந்தது. அவர் 'கார்ன்ஹஸ்கர்ஸ்' என்று எழுத ஆரம்பித்து, 1900 வாக்கில் அதுவே நிலைத்தது. கார்ன்ஹஸ்கர் என்றால் மக்காச்சோளக் கதிரின் தோகையைக் கையால் உரித்து எடுப்பவர். விவசாயக் கூலி வேலை. ஆனால் அந்த மாநிலத்துக்குச் சோறு போட்டது அந்த வேலைதான். அதனால் யாரும் கூச்சப்படவில்லை.

இப்படி உழைப்பிலிருந்து வந்த பேர்களைத் தேடினால் கிடைத்துக்கொண்டே இருக்கிறது. விஸ்கான்சின் டீமுக்கு 'பேட்ஜர்ஸ்' என்று பேர். பேட்ஜர் என்பது வளை தோண்டும் ஒரு பிராணி. அட, இங்கேயும் மிருகம்தானா என்று நினைக்காதீங்க. அந்தப் பகுதிக்கு 1820-களில் ஈயச் சுரங்க வேலைக்கு வந்தவர்களுக்கு வீடு கிடையாது. குளிருக்கு மலைச்சரிவில் குழி தோண்டி உள்ளே படுத்தார்கள். அவர்களைத்தான் 'பேட்ஜர்' என்றார்கள். கொலராடோவில் சுரங்கக் கல்லூரி டீமுக்குப் பேர் 'ஓர்டிக்கர்ஸ்', தாது தோண்டுகிறவர்கள். ஏக்ரன் என்பது ரப்பர் தொழிற்சாலைகளின் ஊர். அங்கே ஒரு கம்பெனி 'ஜிப்பர்' என்ற பேரில் ரப்பர் மேல்ஜோடு தயாரித்து விற்றது. 1925-ல் நடந்த பேர் வைக்கும் போட்டியில் அந்தப் பேரே ஜெயித்து, பிறகு 'ஜிப்ஸ்' என்று சுருங்கியது. மழைக்குப் போடுகிற ஜோடு ஒரு பல்கலைக்கழகத்தின் கௌரவமாகி விட்டது!

உலகப் புகழ் பெற்ற எம்.ஐ.டி.யைப் பாருங்க. 1914-ல் அவர்கள் சின்னமாக எடுத்தது சிங்கத்தையா? இல்லை. பீவர். மரத்தைக் கடித்துச் சாய்த்து, ஆற்றில் அணை கட்டும் ஒரு சின்னப் பிராணி. இயற்கையின் இன்ஜினியர் அதுதான் என்பது அவர்கள் சொன்ன காரணம். நம்ம சிவில் டிபார்ட்மென்ட் இதைக் கொஞ்சம் கவனிக்கணும். புலி ஒரு நாளும் அணை கட்டினதில்லை!

44-0

இப்போ விஷயத்துக்கு வருகிறேன்.

இண்டியானா மாநிலத்தில் பர்டூ என்று ஒரு பல்கலைக்கழகம். 1862-ல் வந்த ஒரு சட்டத்தின்படி, விவசாயமும் இயந்திரத் தொழிலும் சொல்லிக்கொடுக்க அரசாங்கம் நிலம் ஒதுக்கி ஆரம்பித்த கல்லூரிகளில் அதுவும் ஒன்று. அதே மாநிலத்தில் கிராஃபர்ட்ஸ்வில் ஊரில் வாபாஷ் என்று இன்னொரு காலேஜ். அங்கே இலக்கியம், தத்துவம், பழைய மொழிகள் படிப்பார்கள். கையில் மை படும், கிரீஸ் படாது. பர்டூ பையன்களோ பட்டறையில் நிற்கிறவர்கள். 1891-ல் பர்டூ என்ன செய்தது தெரியுமா? பாடம் நடத்த ஒரு முழு நீராவி ரயில் எஞ்சினையே வாங்கி லேபில் நிறுத்தியது!

அதே 1891 அக்டோபரில் பர்டூ டீம் கிராஃபர்ட்ஸ்வில் போய் வாபாஷை 44-0 என்று துவைத்து எடுத்தது. சொந்த ஊரில் வாங்கின அடி. உள்ளூர்ப் பத்திரிகைக்குப் பொறுக்குமா? பர்டூ ஆட்களைத் தடித்த 'பாய்லர் மேக்கர்ஸ்' என்று தலைப்புப் போட்டு எழுதியது. அதாவது, இவனுங்க எல்லாம் படிக்கிற பசங்களா, பாய்லர் அடிக்கிறவனுங்க! அந்தக் காலத்தில் பர்டூவை இப்படி ஏசுவது புதுசும் இல்லை. கொல்லன், கரி அள்ளுகிறவன், பட்டிக்காட்டான், சோளக்காட்டு மாலுமி என்று வரிசையாகப் பேர் வைத்திருந்தார்கள்.

பாய்லர் என்றால் நமக்குத் தெரியும். லங்காஷயர், காக்ரன், பாப்காக் வில்காக்ஸ் என்று படம் வரைந்து பாகம் குறித்தே நம்ம கை தேய்ந்திருக்கிறது. ஆனால் அந்தக் காலத்துப் பாய்லரைச் செய்தவனை எந்தப் பரீட்சையிலும் கேட்பதில்லை. கனமான இரும்புத் தகட்டை வளைத்து, துளை போட்டு, பழுக்கக் காய்ச்சிய ரிவெட்டை நுழைத்து, உள்ளே ஒருவன் தாங்கிப் பிடிக்க, வெளியே ஒருவன் சம்மட்டியால் அடிக்கணும். உள்ளே இருப்பவனுக்குக் காது போய்விடும். அந்தச் செவிட்டுத்தனத்துக்கே 'பாய்லர்மேக்கர் காது' என்று பேர் வந்தது. அவ்வளவு கஷ்டமான வேலை அது. அந்தப் பேரைச் சொல்லித்தான் திட்டினார்கள்.

பர்டூ பையன்கள் என்ன செய்தார்கள்? கோபப்பட்டுப் பத்திரிகை ஆபீஸ் மேல் கல் எறிந்தார்களா? "நாங்க பாய்லர் அடிக்கிறவங்க இல்லை, இன்ஜினியர்கள்" என்று மறுப்புக் கடிதம் எழுதினார்களா? இல்லை. "ஆமாம்டா, பாய்லர் அடிக்கிறவன்தான். அதுக்கென்ன இப்போ?" என்று அந்தப் பேரையே எடுத்துக்கொண்டார்கள். 130 வருஷத்துக்கும் மேல் ஆகிவிட்டது, இன்றைக்கும் அவர்கள் 'பாய்லர்மேக்கர்ஸ்'தான். 1940-லிருந்து ரயில் எஞ்சின் வடிவத்தில் செய்த ஒரு வண்டியை ஊர்வலமாக ஓட்டுகிறார்கள். அவர்கள் பொம்மை வீரன் கையில் வாளும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. சுத்தியல்!

அந்தப் பர்டூவில் படித்த ஒருவர்தான் 1969-ல் நிலாவில் முதன்முதலாகக் கால் வைத்த நீல் ஆர்ம்ஸ்ட்ராங். 1972-ல் கடைசியாக நிலாவை விட்டுக் கிளம்பிய யூஜின் செர்னனும் அங்கே படித்தவர்தான். முதல் காலடியும் பாய்லர்மேக்கர், கடைசிக் காலடியும் பாய்லர்மேக்கர்! பழுப்புத் தங்கமும் கறுப்புமான அவர்கள் கலர் 1887-ல் முதல் டீம் தேர்ந்தெடுத்தது. பிரின்ஸ்டனின் ஆரஞ்சு-கறுப்பைப் பார்த்துக் கொஞ்சம் மாற்றி வைத்ததுதான். கலர் பணக்காரக் காலேஜைப் பார்த்து எடுத்தது. பேர் பட்டறையிலிருந்து வந்தது. எது அவர்களை ஊருக்கு அடையாளம் காட்டுகிறது என்று நீங்களே சொல்லுங்க.

ஜார்ஜியா டெக் கதையும் இதற்குத் தம்பி. 1888-ல் வகுப்புகள் ஆரம்பித்தபோது அங்கே இருந்த ஒரே பட்டம் மெக்கானிக்கல் இன்ஜினியரிங். மாணவர்கள் பட்டறையில் நின்று வேலை செய்தார்கள். அவர்கள் டீமைக் 'கொல்லர்கள்' என்றுகூடப் பத்திரிகைகள் எழுதியதுண்டு. இன்றைக்கும் அவர்கள் ஆட்டத்துக்கு முன்னால் மைதானத்துக்குள் ஓடி வருவது என்ன தெரியுமா? 1930-ம் வருஷத்து ஃபோர்டு கார். அதற்குப் பேர் 'ராம்ப்ளிங் ரெக்'. நம்ம பாஷையில் ஓட்டை வண்டி என்று வைத்துக்கொள்ளுங்க. 1961 செப்டம்பரிலிருந்து அந்த வண்டிதான் டீமுக்கு முன்னால் போகிறது. அவர்கள் பெருமை புது வண்டி வாங்குவதில் இல்லை. பழைய வண்டியை ஓட வைப்பதில் இருக்கிறது. இதைவிட நம்ம ஜாதி வேற யார்?

திட்டு யாருடையது?

இங்கே ஒரு எச்சரிக்கை. திட்டை எடுத்து மாலையாகப் போட்டுக்கொள்வது நல்ல விஷயம்தான். ஆனால் அந்தத் திட்டு நம்முடையதாக இருக்கணும்.

நாட்டர்டேம் என்ற கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் 'ஃபைட்டிங் ஐரிஷ்', சண்டைக்கார ஐரிஷ்காரர்கள் என்ற பேரை 1927-ல் முறையாக ஏற்றது. அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்களையும் கத்தோலிக்கர்களையும் கேவலமாகப் பேசிய காலம் அது. அந்த ஏச்சில் நனைந்தவர்களே அதை எடுத்துக்கொண்டார்கள். நியாயம்.

ஆனால் ஸ்டான்ஃபோர்டு? 1930-லிருந்து 'இண்டியன்ஸ்' என்று பேர். அதாவது செவ்விந்தியர்கள். நிலத்தை இழந்த மக்களின் பேரை எடுத்து, இறகு செருகி ஆட்டம் போட்டார்கள். 1972-ல் அங்கே படித்த ஐம்பத்தைந்து பழங்குடி மாணவர்களும் ஊழியர்களும் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தார்கள். பேர் போனது. அதற்கப்புறம் ஒரு வேடிக்கை. ஸ்டான்ஃபோர்டை நிறுவியவர் ரயில்வே முதலாளி. அப்படிப்பட்டவர்களை அந்தக் காலத்தில் 'கொள்ளைக்காரப் பிரபுக்கள்' என்பார்கள். 1975-ல் மாணவர்கள் ஓட்டுப் போட்டு அந்தப் பேரையே தேர்ந்தெடுத்தார்கள்! நிர்வாகம் ஒத்துக்கொள்ளுமா? கடைசியில் பிராணியும் வேண்டாம், மனுஷனும் வேண்டாம் என்று 'கார்டினல்' என்ற சிவப்பு நிறத்தின் பேரையே வைத்துக்கொண்டார்கள்.

நண்பர்களே, அமெரிக்கப் பழங்குடிப் பிள்ளைகளுக்கென்றே ஒரு தொழிற்பள்ளி இருந்தது. பென்சில்வேனியாவில் கார்லைல் இண்டியன் தொழிற்பள்ளி, 1879 முதல் 1918 வரை. பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்து, முடியை வெட்டி, தாய்மொழி பேசக் கூடாது என்று தடுத்து, பாதி நாள் பாடம், பாதி நாள் தகர வேலையும் கொல்லு வேலையும் பழக்கினார்கள். அந்தப் பிள்ளைகளின் ஃபுட்பால் டீம் 1912-ல் ராணுவ அகாடமி டீமை 27-6 என்று தோற்கடித்தது. அதே வருஷம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வாங்கிய ஜிம் தார்ப் அந்த டீமில் ஆடினார். 'இண்டியன்ஸ்' என்ற பேருக்கு அவர்கள் கொடுத்த விலை என்ன என்று யோசியுங்க. அப்படிப்பட்ட பேரை, ஒரு விலையும் கொடுக்காதவர்கள் சட்டையில் அச்சடித்துக்கொண்டால் அது பெருமையா?

2005-ல் அங்கே காலேஜ் விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. இந்தப் பேர்களுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஃப்ளோரிடா ஸ்டேட் 'செமினோல்ஸ்' என்ற பேரை வைத்துக்கொள்ள முடிந்தது. காரணம், ஃப்ளோரிடாவின் செமினோல் மக்கள் சபையே சம்மதம் கொடுத்தது. வடக்கு டகோட்டாவில் 'ஃபைட்டிங் சூ' என்ற பேருக்கு ஒரு பழங்குடிச் சபையின் ஆதரவு கிடைத்தது, இன்னொன்றின் சம்மதம் கிடைக்கவில்லை. 2012-ல் மாநிலம் முழுக்க ஓட்டெடுப்பு நடந்து பேரைக் கைவிட்டார்கள். ஆக, சட்டம் ரொம்ப எளிது. பேர் உன்னுடையதென்றால் எடுத்துக்கோ. அடுத்தவனுடையதென்றால் அவனைக் கேள்.

இன்ஜினியர் பருந்தான கதை

எனக்கு எதிராக வரக்கூடிய வாதத்தையும் சொல்லி விடுகிறேன். பென்சில்வேனியாவில் லீஹை என்று ஒரு பல்கலைக்கழகம். அவர்கள் டீமுக்குப் பேர் 'இன்ஜினியர்ஸ்'. 1995-ல் அதை மாற்றி 'மௌண்டன் ஹாக்ஸ்', மலைப் பருந்துகள் என்று வைத்தார்கள். "இங்கே இன்ஜினியரிங் மட்டுமா இருக்கு? மத்த பாடம் படிக்கிறவனுக்கு அந்தப் பேர் எப்படிப் பொருந்தும்?" என்று கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. பேர் எல்லாரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது சரியான கொள்கைதான். சிரக்யூஸ்காரர்கள் 'ஆரஞ்சு மென்' என்றிருந்ததை 2004-ல் 'ஆரஞ்சு' என்று மட்டும் ஆக்கியபோது பெண்களும் அந்தப் பேருக்குள் வந்தார்கள். பாராட்ட வேண்டியதுதான்.

ஆனால் இன்ஜினியர் போய்ப் பருந்து வந்ததில் ஒரு நஷ்டமும் இருக்கிறது. பருந்து யாருக்கும் சொந்தமில்லை. எந்த மலையிலும் பறக்கும். பர்டூவிலும் இன்றைக்கு எல்லாப் பாடமும் இருக்கிறது. அங்கே வணிகம் படிக்கிற பெண்ணும் "நான் பாய்லர்மேக்கர்" என்றுதான் சொல்கிறாள். பேர் உறுதியாக இருந்தால் புதிதாக வருகிறவர்களும் அதற்குள் வந்து சேர்ந்துகொள்வார்கள் என்பது என் கருத்து.

நமக்கு என்ன?

இந்தக் கதையெல்லாம் எதுக்கு என்று கேட்பீங்க. சொல்கிறேன்.

"என்ன படிக்கிறே?" என்று சொந்தக்காரர் கேட்கும்போது நம்மில் எத்தனை பேர் "டிப்ளமோ" என்று குரலைத் தாழ்த்திச் சொல்கிறோம்? "டிப்ளமோதானா?" என்ற அந்தத் 'தானா'வை வாங்காதவன் நம்ம காலேஜில் உண்டா? காக்கி யூனிஃபார்மோடு பஸ் ஏறினால் "கொஞ்சம் தள்ளி நில்லுப்பா" என்பவர்களைப் பார்த்ததில்லையா? ஒர்க் ஷாப்பில் அரம் தேய்த்துக் காய்ப்பு ஏறிய கையைக் கல்யாண வீட்டில் பாக்கெட்டுக்குள் மறைத்துக்கொண்டு, திரும்பி வந்து மைதானத்தில் 'லயன்ஸ்' என்று கத்துகிறோம். நம்மிடம் இருப்பதை மறைத்துக்கொண்டு, இல்லாத பிடரி மயிரைச் சிலிர்க்கிறோம்!

அந்தத் 'தானா'தான் நமக்கு வாபாஷ்காரன் கொடுக்கிற பேர். அதை வைத்து என்ன செய்யப் போகிறோம் என்பதுதான் கேள்வி.

வரும் ஆண்டு நம் மாணவர் மன்றத்துக்கு என் வேண்டுகோள் இது. கலரையும் பேரையும் கடைக்காரரிடம் விடாதீங்க. ஒரு நாள் வைத்து, முதலாமாண்டு முதல் மூன்றாமாண்டு வரை, மாணவிகளும் சேர்ந்து ஓட்டுப் போடுவோம். மூன்றே நிபந்தனை. ஒன்று, பேர் நம்ம பட்டறையிலிருந்து வரட்டும்; உலைக்களம், சம்மட்டி, லேத், வெல்டிங், செங்கல், கம்பி எதுவானாலும் சரி. இரண்டு, பேர் நம்முடையதாக இருக்கட்டும். எந்த ஊரையும், எந்தச் சாதியையும், எந்த மக்களையும் கேலி செய்து எடுத்ததாக இருக்கக் கூடாது. அதைப் போட்டுக்கொள்ள ஒரு மாணவியும் கூச்சப்படக் கூடாது. மூன்று, ஒரு தடவை வைத்தால் பத்து வருஷத்துக்காவது தொடக் கூடாது. தோற்றாலும் அதே கலர், ஜெயித்தாலும் அதே கலர்.

'கொல்லர்கள்' என்று ஒரு டீம் மைதானத்தில் இறங்கினால் முதல் வருஷம் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். 1891-ல் கிராஃபர்ட்ஸ்வில்லிலும் சிரித்துத்தான் எழுதினார்கள். ஆனால் ஒரு விஷயம் மறந்துடாதீங்க. பேர் மட்டும் இருந்தால் ஒன்றும் நடக்காது. அன்றைக்கு ஸ்கோர் 44-0!

ப்ராக்டீஸுக்கு வாங்கப்பா!

— மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்